புதூர்நாடு என்னும் குறிச்சொல்

சமூகப் பக்கக்குறிச் சேவை என்பது, இணையத்தில் ஒருவர் படித்த பக்கத்தின் முகவரியைத் தம் கணினியின் உலாவிக்குள்ளேயே வைத்துக்கொள்ளாமல், எல்லோரும் காணக்கூடிய பொது இடத்தில், தாமே தேர்ந்தெடுத்த ஓரிரு சொற்களை அடையாளமாக ஒட்டிச் சேர்த்து வைக்கும் ஏற்பாடு ஆகும். அந்த அடையாளச் சொல்லுக்குக் குறிச்சொல் என்று பெயர். 2003இல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய டெலிசியஸ் இவ்வகையில் உலகெங்கும் அறியப்பட்ட சேவை. 2001இல் கனடாவின் கால்கரி நகரில் காரெட் காம்ப் தம் நண்பர்களுடன் உருவாக்கிய ஸ்டம்பிள்அப்பான் இதற்கு உடன்பிறப்பான இன்னொரு வகை. பின்னதில் ஒரு பொத்தானை அழுத்தினால், பயனர் விரும்பும் துறைகளையும் அவரை ஒத்த ரசனை உள்ளவர்கள் இட்ட மதிப்பீடுகளையும் கணக்கில் கொண்டு, முன்பின் அறியாத பக்கம் ஒன்று திரையில் வந்து நின்றது. படித்ததை மறவாதிருக்க ஒன்று, படிக்காததைக் கண்டடைய மற்றொன்று என்ற அளவிலேயே இவை திட்டமிடப்பட்டன. ஜவ்வாது மலையின் புதூர்நாட்டைப் பற்றி இணையத்தில் சிதறிக் கிடப்பவற்றை இத்தகைய சேவைகளின் துணையோடு ஆண்டுக்கணக்கில் திரட்டிவந்த நூலகத் தொழிலர் ஒருவருக்கு (இக்கட்டுரையில் அவர் தொகுப்பாளர் என்றே குறிப்பிடப்படுகிறார்) இவ்விரண்டையும் விடப் பெரிதாகக் கைகொடுத்தது, யாரும் திட்டமிடாத ஒரு பயன்: பக்கங்களைச் சேர்த்து வைக்கத் தொடங்கிய ஏடு, காலப்போக்கில் ஓர் ஊரின் பெயர்களைச் சேர்த்து வைக்கும் ஏடாக மாறியது.

அதன் காரணம் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான ஜவ்வாது மலையில், இன்றைய திருப்பத்தூர் மாவட்ட எல்லைக்குள் அமைந்தது புதூர்நாடு. இங்கே ‘நாடு’ என்பது தேசத்தையோ மாநிலத்தையோ குறிப்பதன்று; பல சிற்றூர்கள் சேர்ந்த மலைத்தொகுதிக்கு வழங்கிவரும் பழைய பெயர் அது. நெல்லிவாசல் நாடும் புங்கம்பட்டு நாடும் அவ்வாறே அமைந்தவை. இம்மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். பெயர் ஒன்றாக இருப்பினும் அவர்கள் கேரளத்தவர் அல்லர், தமிழே பேசுபவர்கள். சாமை விளைவிப்பதும், புளியும் கடுக்காயும் தேனும் சேகரிப்பதும் அவர்களுடைய வாழ்வோடு கலந்தவை. இனி இந்த மக்களைப் பற்றித் தேடுபவர் தேடுபொறியில் எந்தச் சொல்லை இடுவது? ‘புதூர்’ என்று இட்டால் தமிழகத்தின் எல்லாத் திசைகளிலும் உள்ள புதூர்கள் வந்து குவியும். ‘நாடு’ என்று சேர்த்தால் தமிழ்நாடு முந்திக்கொள்ளும். ‘மலையாளி’ என்றால் கேரளத்துச் செய்திகள் வரும். ‘ஜவ்வாது’ என்றாலோ பூசைக்கடையில் விற்கும் வாசனைப் பொடி வரும். ஓர் இடத்தைச் சுட்டும் நான்கு சொற்களும் நான்கு வேறு இடங்களுக்கு இழுத்துச் செல்வது இங்கே நேர்கிறது. புதூர்நாட்டைப் பற்றி எழுதப்பட்டவை குறைவு என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. எழுதப்பட்டவை உண்டு, அவற்றுக்குப் போகும் பெயர்தான் கைக்கு அகப்படுவதில்லை என்பதே தொகுப்பாளரின் அனுபவம்.

இதற்கு மேல் தமிழ் இலக்கணமும் ஒரு தடை வைக்கிறது. நாடு என்னும் சொல் வேற்றுமை உருபு ஏற்கும்போது நாட்டு என்று திரிவதால், கட்டுரை ஒன்றில் ‘புதூர்நாட்டில்’, ‘புதூர்நாட்டுக்கு’, ‘புதூர்நாட்டு மக்கள்’ என்று பத்து இடங்களில் எழுதப்பட்டிருந்தாலும் ‘புதூர்நாடு’ என்ற எழுத்துக்கோவை ஓர் இடத்தில்கூட வராமல் போகலாம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும் பொறிக்கு அக்கட்டுரை இல்லாததற்குச் சமம். சிலர் சேர்த்து எழுதுகின்றனர், சிலர் பிரித்து எழுதுகின்றனர். குறிச்சொல் இந்தத் தடையை ஒரே வீச்சில் கடந்துவிடுகிறது. கட்டுரைக்குள் எந்த வடிவம் இருந்தாலும், சேர்த்து வைப்பவர் வெளியிலிருந்து ‘புதூர்நாடு’ என்று எழுவாய் வடிவத்தில் ஒரு சொல்லை ஒட்டிவிட்டால் போதும். அடுத்து வருபவர் அந்த ஒரு சொல்லைத் தட்டினால் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும்.

ஆங்கிலப் பக்கங்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. ஜவ்வாது மலையை ஆங்கிலத்தில் ‘வி’ எழுத்தோடும் ‘டபிள்யூ’ எழுத்தோடும், ‘டி’ எழுத்துக்குப் பின் ‘எச்’ சேர்த்தும் சேர்க்காமலும், இறுதியில் ‘ஐ’ வைத்தும் ‘யு’ வைத்தும் எழுதியிருக்கின்றனர். அவற்றுள் ஜவாதி என்று படிக்கத்தக்க வடிவத்தை இட்டுத் தேடினால் முதலில் எதிர்ப்படுவது பெரும்பாலும் வானியல். காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகம் இம்மலையில்தான் இருக்கிறது, யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977 மார்ச் 10 அன்று வெளிப்பட்டபோது அந்த நிகழ்வை நோக்கிய இடங்களுள் காவலூரும் ஒன்று, 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கி 1986 ஜனவரியில் அங்கு திறந்துவைக்கப்பட்டது. இவை பெருமைக்குரியவை, தொகுப்பாளரும் அவற்றைச் சேர்த்தே வைத்தார். ஆனால் ‘வானியல்’ என்ற குறிச்சொல்லை அவற்றுக்கு மட்டும் ஒட்டிவைத்ததால், அந்தச் சொல் உள்ளவற்றை விலக்கிக் காட்டும்படி வரிசையை மாற்றி அமைத்தபோதுதான், தொலைநோக்கியின் பின்னால் மறைந்திருந்த மலையும் மக்களும் பட்டியலில் தெரிந்தனர். தேவையற்றதை ஒதுக்குவதற்குக் குறிச்சொல் இடுவது என்பது அவர் கற்ற முதல் எதிர்பாராத பயன்.

இரண்டாவது பயன் மாவட்ட எல்லைகள் பற்றியது. திருப்பத்தூர் வட்டம் 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. பின்னர் வட ஆர்க்காட்டோடு சேர்க்கப்பட்டது. 1989இல் வட ஆர்க்காடு இரண்டாகப் பிரிந்தபோது திருவண்ணாமலை தனியாயிற்று, மீதம் வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆயிற்று. அதுவே பிறகு வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது. 2019 நவம்பர் 28 அன்று வேலூர் மூன்றாகப் பிரிய, திருப்பத்தூர் தனி மாவட்டமாயிற்று. ஆகவே இம்மலையின் மேற்குச் சரிவுகளைப் பற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செய்தியைத் தேடுபவர், 1881இல் காக்ஸ் எழுதிய வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டை மட்டும் புரட்டிவிட்டு நின்றுவிடக் கூடாது. 1883இல் லெஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டையும் பார்க்க வேண்டும். இரண்டும் மின்னூலாக்கப்பட்டுப் பொதுவில் கிடைக்கின்றன. ஆனால் திருப்பத்தூர் மாவட்டத்து மாணவர் ஒருவர் சேலத்தின் பெயர் தாங்கிய நூலைத் தம் ஊருக்காகத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்க்க இயலாது. அந்த நூலின் முகவரிக்கு ‘திருப்பத்தூர்’ என்ற குறிச்சொல்லை ஒட்டியது, தொகுப்பாளரின் பணியில் மிகச் சிறிய செயல், பயனில் பெரியது. நூலகத்தில் இதற்கு ஈடாகச் செய்வது, ‘இதையும் காண்க’ என்று ஓர் அட்டை எழுதி அட்டவணைப் பெட்டிக்குள் செருகுவதாகும். அட்டைப் பெட்டியை நாடி வருபவர்கள் அருகிவிட்ட காலத்தில் அந்த அட்டைக்கு வேறோர் இருப்பிடம் கிடைத்தது.

குறிச்சொற்களை ஆளுக்கொரு விதமாக இட்டால் குழப்பம்தானே மிஞ்சும் என்ற ஐயம் நூலகப் பயிற்சி பெற்ற எவருக்கும் எழும். மேலிருந்து வகுத்துத் தரப்படாமல் பயனர்களின் சொற்களாலேயே அமையும் இவ்வகைப்பாட்டுக்கு, தாமஸ் வாண்டர் வால் 2004இல் ‘ஃபோக்சோனமி’ என்று பெயரிட்டார். மக்கள் வகைப்பாடு என்று தமிழில் சொல்லலாம். தொகுப்பாளர் இவ்வகைப்பாட்டை மறுக்கவுமில்லை, அப்படியே ஏற்கவுமில்லை. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகி, 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்ட எஸ். ஆர். ரங்கநாதன், எந்தப் பொருளையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து கூறுகளாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று பிற்காலத்தில் வகுத்தார். தொகுப்பாளர் ஒவ்வொரு பக்கத்துக்கும் இவ்வைந்தில் இயன்றவற்றுக்கு ஒரு சொல் என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்தார்: சாமையின் உமியை நீக்கும் எந்திரம் பற்றிய பக்கத்துக்குச் சாமை, எந்திரம், உமிநீக்கல், புதூர்நாடு, அந்தப் பத்தாண்டு என்று வரிசையாக ஐந்து. அதன்பின் மலையில் வழங்கும் சொல் எதுவாயினும், ஒழுங்குக்கு அடங்காவிட்டாலும், ஆறாவதாகவும் ஏழாவதாகவும் சேர்த்துக்கொண்டார். முதல் ஐந்து நூலகரின் சொற்கள். மீதி ஊரின் சொற்கள். தமிழகத்தின் வடமாவட்டங்களில் கற்திட்டை என்று தொல்லியலார் குறிக்கும் பெருங்கற்கால ஈமச்சின்னத்தை ஊரார் வாலியர் வீடு என்றும் குள்ளர் வீடு என்றும் பாண்டவர் வீடு என்றும் வழங்குவர். அறிஞரின் சொல்லை மட்டும் இட்டால் ஊரார் தேடும்போது கிடைக்காது, ஊரார் சொல்லை மட்டும் இட்டால் அறிஞர்க்குக் கிடைக்காது. இரண்டும் ஒரே பக்கத்தின் மேல் அருகருகே நிற்க வேண்டியவை.

மூன்றாவது பயன் தமிழ் இணையத்தின் வரலாற்றோடு பிணைந்தது. ஒருங்குறி பரவலாவதற்கு முன், தமிழ்ப் பக்கங்கள் பல தனித்தனி எழுத்துருக் குறியாக்கங்களில் அமைந்தன. டிஸ்கி, 1999இல் அறிவிக்கப்பட்ட டாம், டாப் ஆகியவற்றோடு பத்திரிகைகள் தத்தமக்கென்று வைத்திருந்த குறியாக்கங்களும் இருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அப்பக்கங்கள் பொருளற்ற உரோமன் எழுத்துக் குவியலாகத் தெரியும். தேடுபொறியின் கண்ணுக்கும் அவை அப்படித்தான். ஒருங்குறியையும் டேஸ்16 என்னும் குறியாக்க முறையையும் தமிழக அரசு தன் தரமாக அறிவித்தது 2010இல்தான். அதற்கு முன் எழுதப்பட்டு மாற்றப்படாமல் நின்ற பக்கங்களுக்குள் புகுந்து எழுத்தைத் திருத்த வெளியார்க்கு வழியில்லை. ஆனால் பக்கத்தின் மேல் ஒட்டும் குறிச்சொல் ஒருங்குறியில் இருந்தால், உள்ளே என்ன குறியாக்கம் இருந்தாலும் வெளியே தமிழில் ஒரு வாசல் திறந்துவிடுகிறது. ஒருங்குறித் தமிழில் ஐந்து சொல், அதன்கீழ் இரண்டு வரிக் குறிப்பு: இவ்வளவே செலவு.

அக்காலத்தில் தமிழுக்கென்றே இவ்வகைச் சேவைகள் இருந்தன என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம், புதிதாக எழுதப்பட்டவற்றை ஓரிடத்தில் காட்டும் திரட்டி; அதன்பின் தேன்கூடு வந்தது; வாசகர்கள் இணைப்புகளைச் சேர்த்து வாக்களித்து மேலேற்றும் முறையில் தமிழிஷ் அமைந்தது, அது பின்னர் இன்ட்லி என்று பெயர் மாறியது. இவை ஒவ்வொன்றும் புதியதையே முன்னிறுத்தின. மலைக்கிராமத்தைப் பற்றிய பக்கம் ஒன்று அன்றைய பரபரப்பில் ஒரு பகலைத் தாண்டி நிற்பது அரிது. ஆயினும் அதைச் சேர்த்தவர் யார் என்ற பெயர் அருகில் இருந்தது, அந்தப் பெயரைத் தட்டினால் அவர் சேர்த்த மற்றவையும் தெரிந்தன. இவ்வழியாகவே தொகுப்பாளர் ஆட்களைக் கண்டடைந்தார். ஒரு நூலகத்தில் ஒரே நூலை யார் யார் இரவல் பெற்றனர் என்பதை நூலகர் வெளியிடக் கூடாது. அது தொழில் அறம். பொதுப் பக்கக்குறியிலோ சேர்த்து வைத்தவர் தாமே விரும்பித் தம் பெயரைக் காட்டுகிறார். நடுகல் பற்றிய அரிய பக்கம் ஒன்றை உலகில் இருவர் மட்டும் சேர்த்து வைத்திருந்தால், அவ்விருவரும் ஒருவரையொருவர் அறிய வேண்டியவர்கள். ஆய்வுக் கட்டுரைகளுக்கென்று 2004இல் தொடங்கி 2019இல் நின்ற சைட்யுலைக் என்னும் சேவையிலும் இதே வழி கிடைத்தது. ஜவ்வாது மலைத் தாவரங்கள் பற்றிய கட்டுரையைச் சேர்த்தவர், திருச்சிராப்பள்ளி ராபினட் தாவரகத்தைச் சேர்ந்த கே. எம். மாத்யூ பாதிரியாரின் தமிழ்நாடு கர்நாடகப் பகுதித் தாவரத் தொகுப்பைப் பற்றிய பக்கங்களையும் அடுத்தடுத்துச் சேர்த்திருப்பார்.

எதிர்பாராத பயன் என்பதற்கு உலகளவில் நல்ல சான்று, கதைகளின் மீது காதல் கொண்ட வாசகர்களிடமிருந்து கிடைக்கிறது. தாம் விரும்பும் தொடர்களின் பாத்திரங்களைக் கொண்டு புதுக்கதை எழுதிப் பகிரும் வாசகர் கூட்டத்தினர், டெலிசியஸை ஒரு மாபெரும் கதை அட்டவணையாகவே மாற்றியிருந்தனர். பாத்திர இணைகளைச் சாய்கோடு இட்டுக் குறிப்பது அவர்களின் வழக்கம். 2011இல் கைமாறிய அச்சேவை புதுவடிவில் வெளிவந்தபோது சாய்கோடுள்ள குறிச்சொற்கள் பயனற்றுப்போயின. பின்போர்டு என்னும் போட்டிச் சேவையை 2009 முதல் நடத்திவந்த மாசியே செக்லோவ்ஸ்கி, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று அவர்களைக் கேட்க, அவர்கள் கூடி ஐம்பது பக்க அளவில் ஒரு விண்ணப்பத்தையே எழுதிக் கொடுத்தனர். அதே பின்போர்டு 2017இல் டெலிசியஸை வாங்கிக்கொண்டது. ஒரே ஒரு சாய்கோட்டுக்காக இத்தனை பேர் துடித்தது மிகை என்று தோன்றலாம். ‘நாடு’, ‘நாட்டு’ என்னும் ஒரு திரிபால் ஓர் ஊரே கண்ணுக்கு மறைவதைக் கண்டவர்க்கு அந்தத் துடிப்பு நன்றாகவே விளங்கும்.

ஸ்டம்பிள்அப்பான் வகைக் கண்டடைவுக்கும் நூலகத்தில் பழைய வேர் உண்டு. திறந்த அடுக்கில் நூல்கள் இருக்க வேண்டும் என்று வாதாடிய ரங்கநாதன், அடுக்கின் நடுவே தேடிவந்த பொருளும், அதன் இருபுறமும் அதை ஒட்டிய பொருள்களும், அப்பால் அயலானவையும் அமைவதை ‘அபுபா’ அமைப்பு என்று அழைத்தார். வாசகர் கை நீட்டுவது நடுவிலுள்ள நூலுக்கு. கண் படுவது பக்கத்து நூலில். அந்தப் பக்கத்து நூலை வாசகருக்குத் தருவது நூலகரின் கடமை என்பது தொகுப்பாளரின் உறுதியான கருத்து. எந்திரம் எழுந்தமானமாகக் கொண்டுவரும் பக்கத்தை விட, மனிதர் அருகருகே வைத்துச் சென்ற பக்கமே பயன் தந்தது என்பதும் அவர் கண்டறிந்தது. சாமைக்காகக் குறிச்சொல்லைத் தட்டியவர், அதனருகே கிடந்த நடுகல் பக்கத்தைத் திறப்பார்.

முகவரி செத்துப்போவது இத்தொழிலின் அன்றாடத் துயரம். தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்கள் பலவற்றுக்கு இடம் தந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. மாவட்டம் பிரிந்தால் அரசு இணையதளமும் புதிதாக அமைகிறது. 1996இல் புரூஸ்டர் கேல் நிறுவிய இணைய ஆவணக்காப்பகத்தின் வேபேக் மெஷின் பழைய பக்கங்களின் படிகளை வைத்திருக்கிறது என்றாலும், அதைத் திறக்கப் பெரும்பாலும் அந்தப் பழைய முகவரி எழுத்துப் பிசகாமல் தெரிந்திருக்க வேண்டும். அதை நினைவில் வைத்திருப்பவர் யார்? பக்கக்குறி வைத்திருந்தது. பக்கம் மறைந்தபின் பயனற்றது என்று பிறர் நீக்கிவிடும் குறிப்பே காப்பகத்தின் சாவி ஆயிற்று. அத்துடன், இச்சேவைகளிலிருந்து இறக்கிக்கொள்ளும் கோப்பு பெரும்பாலும் நெட்ஸ்கேப் உலாவியின் காலத்துப் பக்கக்குறி வடிவத்தில் இருக்கும். அதில் ஒவ்வொரு முகவரியின் அருகிலும் சேர்த்த நேரம், 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளின் எண்ணாகப் பதிந்திருக்கும். 1200000000 என்ற எண் இருந்தால், உலகப் பொது நேரப்படி 2008 ஜனவரி 10 இரவு அந்தப் பக்கம் உயிரோடு இருந்தது என்று அறியலாம். நூலகத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் இடும் தேதி முத்திரைக்கு இணையான சான்று அது. தொகுப்பாளர் பயன்படுத்திய ஒரு சேவை கைமாறியபோது, முகவரிகளும் குறிச்சொற்களும் கோப்பில் வந்து சேர்ந்தன, அவர் எழுதிவைத்த குறிப்புரைகள் வரவில்லை; ஈராண்டு உழைப்பு அது. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை கோப்பை இறக்குவதும், அதைத் தாளில் அச்சிட்டுத் தைத்து வைப்பதும் வழக்கமாயிற்று.

தாளில் அச்சிட்டதற்கு வேறு பயனும் இருந்தது. 1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டுவண்டி நூலகம் கிளம்பியது போல, சிக்னல் நிலையில்லாத மலைக்கு இணையத்தையும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. குறிச்சொல் வாரியாகப் பக்கங்களைப் பென்டிரைவில் இறக்கி, பட்டியலைத் தாளாக எடுத்துச் சென்று, உண்டு உறைவிடப் பள்ளி மாணவர்களிடம் விரித்தபோது, பட்டியலின் வலப்பக்கம் ஒரு கட்டம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. ஊரில் வழங்கும் சொல்லை அதில் அவர்கள் எழுதலாம்.

எல்லாவற்றையும் பொதுவில் வைக்கலாகாது என்பதும் இந்தப் பயணங்களில் உறுதிப்பட்டது. செங்கம் நடுகற்களைப் பற்றித் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் நூலாகவே வெளியிட்டது. அது அறிஞர் உலகுக்கு உரியது. ஆனால் வழிபாட்டில் உள்ள கல் எந்தப் பாதையில் எந்த மரத்தடியில் இருக்கிறது என்று சொல்லும் பக்கமும், சந்தனம் நிற்கும் சரிவைப் படத்தோடு காட்டும் பக்கமும், திருடர்க்கும் வழிகாட்டும். அவற்றைத் தொகுப்பாளர் தமக்கு மட்டும் தெரியும் வகையில் மறைத்தே சேர்த்தார், தாளிலும் அச்சிடவில்லை.

ஒருமுறை பள்ளியில் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்த பிளஸ் டூ மாணவி ஒருத்தி, ஒரு நெகிழிப் பையிலிருந்து தன் ஆதார் அட்டையையும், சாதிச் சான்றிதழையும், பழைய மாற்றுச் சான்றிதழையும் எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். மூன்றிலும் அவளுடைய சிற்றூரின் பெயர் ஆங்கிலத்தில் மூன்று விதமாக இருந்தது. விண்ணப்பம் ஒன்று அதனால் திரும்பி வந்திருந்தது. “சார், இது மூணும் எங்க ஊருதான். எதை எழுதணும்?” என்று கேட்டாள். தொகுப்பாளரிடம் இருந்த பட்டியலில் அந்த ஊருக்கு இரண்டு வடிவங்கள் ஏற்கெனவே இருந்தன. ஒன்று பழைய மாவட்டக் காலத்து அரசு ஆவணத்திலிருந்து வந்தது, மற்றொன்று செய்தித்தாளிலிருந்து. எந்தெந்த ஆவணத்தில் எந்தெந்த வடிவம் வந்திருக்கிறது என்பதைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, விண்ணப்பத்தோடு இணைக்கும்படி கொடுத்தார். அவள் அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு, பட்டியலின் வெறுமையான கட்டத்தில், சான்றிதழில் இருந்த மூன்றாவது வடிவத்தையும், அதற்குக் கீழே பேருந்தின் முகப்புப் பலகையில் தான் தினமும் பார்க்கும் நான்காவது வடிவத்தையும் எழுதினாள்.